எங்கே உற்பத்தியாகிறது, யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது?

(திருப்பூர் பனியன் தொழிலாளர்களுக்காக நடந்த அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு. இடமின்மையால் சில பகுதிகள் சுருக்கப்பட்டுள்ளன.)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வருமானம். ஒரே நாட்டில், ஒரு ராஜ்யத்தில் வாழும் குடும்பத்துக்கு அதிக வருமானமும் இன்னொரு ராஜ்யத்தில் வாழும் குடும்பத்துக்குக் குறைந்த வருமானமும் ஏன் என்பதே நமது பாடம். இது பேராசிரியர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு இதில் என்ன வேலை என்று சில தோழர்கள் நினைக்கலாம். ஆனால் கம்பெனி வாசலில், டீக்கடையில், சங்க ஆபீஸ் திண்ணையில் தினமும் இந்த விஷயம்தான் அடிபடுகிறது. பெயர்தான் வேறு. "வடக்கத்தியான் வந்தான், கூலி போச்சு" என்கிறார் ஒருவர். "நாம் உழைத்துக் கொடுக்கிறோம், பீகார்க்காரன் உட்கார்ந்து சாப்பிடுகிறான்" என்கிறார் இன்னொருவர். "அந்த மண்ணே அப்படி, ஜனங்களும் அப்படி" என்கிறார் மூன்றாமவர்.

இந்த மூன்று பேச்சுக்கும் கோபத்தால் பதில் சொல்ல முடியாது. "ஒற்றுமை, ஒற்றுமை" என்று கோஷம் போட்டாலும் பதில் ஆகாது. கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம்.

ஐந்து மடங்கு என்ற கணக்கு

முதலில் சர்க்கார் சொல்லும் கணக்கைப் பார்ப்போம். ஒரு ராஜ்யத்தில் ஒரு வருஷத்தில் உற்பத்தியான பொருள்கள், செய்யப்பட்ட சேவைகள் எல்லாவற்றின் நிகர மதிப்பையும் கூட்டி, ஜனத்தொகையால் வகுத்தால் வருவதைத் தலா வருமானம் என்கிறார்கள். 2022-23-ல் தமிழ்நாட்டின் தலா வருமானம் சுமார் 2 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய். பீகாரின் தலா வருமானம் சுமார் 54 ஆயிரம் ரூபாய். அதாவது ஐந்து மடங்கு வித்தியாசம்.

இந்த வித்தியாசம் எப்போதுமே இப்படித்தான் இருந்ததா? இல்லை. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு 1960-61 முதல் கணக்குப் போட்டிருக்கிறது. தேசத்தின் சராசரி வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டால், 1960-61-ல் தமிழ்நாடு 109, பீகார் 70, கேரளம் 88, மேற்கு வங்காளம் 127. 2023-24-ல் தமிழ்நாடு 171, பீகார் 33, கேரளம் 152, மேற்கு வங்காளம் 84. (பழைய பீகாரில் இன்றைய ஜார்க்கண்டும் சேர்ந்திருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.)

இந்த அறுபது வருஷத்தில் கங்கைச் சமவெளியின் மண் மாறிவிட்டதா? கேரளத்தின் மழை மாறிவிட்டதா? மண்ணும் மழையும் மாறவில்லை. வருமானம் மட்டும் தலைகீழாக மாறியிருக்கிறது. ஆகவே மண்ணின் மீதும் ஜனங்களின் சுபாவத்தின் மீதும் பழி போடுகிற பேச்சு இந்தக் கணக்கின் முன்னால் நிற்காது. மனிதர்கள் செய்த ஏற்பாடுகளில்தான் காரணத்தைத் தேட வேண்டும். அதற்கு முன்னால் இந்தத் தலா வருமானம் என்கிற கணக்கையே கொஞ்சம் தட்டிப் பார்ப்போம்.

91 ஆயிரம் ரூபாய் எங்கே?

தமிழ்நாட்டின் தலா வருமானம் வருஷத்துக்கு 2 லட்சத்து 73 ஆயிரம். மாதத்துக்கு வகுத்தால் ஓர் ஆளுக்கு 22 ஆயிரத்து 750 ரூபாய். குழந்தை குட்டி உட்பட வீட்டில் நான்கு பேர் என்றால் மாதம் 91 ஆயிரம் ரூபாய் வர வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் தோழர்களில் யார் வீட்டில் 91 ஆயிரம் வருகிறது? புருஷன் பவர் டேபிளில், மனைவி செக்கிங்கில், மூத்த மகன் பேக்கிங்கில் என்று மூன்று பேர் ஒன்றரை ஷிப்டு பார்க்கிற வீட்டில்கூட அவ்வளவு வருவதில்லை.

அப்படியானால் அந்தப் பணம் எங்கே? கணக்கு பொய்யல்ல. அவ்வளவு மதிப்பும் இந்த ராஜ்யத்தில் உற்பத்தியானது உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் கூலி மட்டும் இல்லை. லாபம், வட்டி, வாடகை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் கார் செய்தால் அதன் மதிப்பு காஞ்சிபுரம் ஜில்லாவின் கணக்கில் ஏறுகிறது. லாபமோ பங்குக்காரர் இருக்கும் ஊருக்கு, தேசத்துக்குப் போகிறது. பக்கத்துக் கிராமத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாளும் அந்த ஜில்லாவின் 'தலா'க்களில் ஒருவர். அவர் கைக்கு அதில் ஒரு பைசாவும் வருவதில்லை.

இன்னொரு கணக்கு இருக்கிறது. குடும்பங்கள் மாதம் எவ்வளவு செலவு செய்கின்றன என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுக்கும் கணக்கு. 2022-23-ல் மத்திய சர்க்கார் எடுத்த இந்தக் கணக்கின்படி தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஓர் ஆளின் மாதச் செலவு 5,310 ரூபாய். பீகார் கிராமத்தில் 3,384 ரூபாய். நகரங்களில் தமிழ்நாட்டில் 7,630, பீகாரில் 4,768. வித்தியாசம் எவ்வளவு? ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்!

கவனியுங்கள், தோழர்களே. உற்பத்திக் கணக்கில் ஐந்து மடங்கு. அடுப்பங்கரைக் கணக்கில் ஒன்றரை மடங்கு. செலவும் வருமானமும் ஒன்றல்ல என்பது வாஸ்தவம். சேமிப்பு இருக்கிறது, வரி இருக்கிறது, பெரிய பணக்காரர்கள் இந்த மாதிரிக் கணக்குகளில் சரியாக அகப்படுவதில்லை, பீகார் குடும்பத்துக்கு வெளியூரிலிருந்து மணியார்டரும் வருகிறது. இத்தனையையும் ஒதுக்கிப் பார்த்தாலும் ஒரு விஷயம் தெளிவு. ராஜ்யம் பணக்கார ராஜ்யமானால் ராஜ்யத்தில் உள்ள குடும்பமெல்லாம் அதே அளவுக்குப் பணக்காரக் குடும்பமாகி விடுவதில்லை. நடுவில் ஒரு பங்கீடு நடக்கிறது. பதிவு பெற்ற தொழிற்சாலைகள் பற்றிய சர்க்கார் கணக்கைப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் நிகர உற்பத்தி மதிப்பில் 100 ரூபாய்க்கு ஏறத்தாழ 30 ரூபாய் தொழிலாளியின் கூலியாகப் போயிற்று. அண்மை வருஷங்களில் அது 20 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. ராஜ்யங்கள் வளர்ந்திருக்கின்றன, கூலியின் பங்கு தேய்ந்திருக்கிறது.

கேரளமும் குஜராத்தும்

இந்தப் பங்கீட்டை எது தீர்மானிக்கிறது? இரண்டு ராஜ்யங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். குஜராத்தின் தலா வருமானமும் கேரளத்தின் தலா வருமானமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்கின்றன. இரண்டும் தமிழ்நாட்டை ஒட்டியே நிற்கின்றன. ஆனால் ரிசர்வ் பாங்கி வெளியிட்ட 2022-23 கணக்கில் விவசாயத் தொழிலாளி ஆணின் தினக்கூலியைப் பாருங்கள். கேரளத்தில் 764 ரூபாய். குஜராத்தில் 242 ரூபாய். தேசச் சராசரியோ 346 ரூபாய். நாட்டின் பெரிய துறைமுகங்களும் எண்ணெய் ஆலைகளும் உள்ள ராஜ்யத்தில் வயலில் வேலை செய்பவனின் கூலி தேசச் சராசரியையும் எட்டவில்லை! கேரளத்தில் அதைப் போல மூன்று மடங்கு.

கேரளத்துக்கு வளைகுடாப் பணம் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. 2023-ல் எடுத்த புலம்பெயர்வுக் கணக்கெடுப்பின்படி வருஷத்துக்கு 2 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் வருகிறது. அந்தப் பணம் ராஜ்ய உற்பத்திக் கணக்கில் ஏறுவதில்லை, குடும்பத்தின் கையில் ஏறுகிறது. அதனால் உள்ளூரில் ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று, கூலி ஏறிற்று. ஆனால் அது மட்டுமே காரணமல்ல. 1970 ஜனவரி 1 முதல் அங்கே நிலச்சீர்திருத்தம் அமலாயிற்று. குத்தகைதாரன் நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆனான், குடிகிடப்புக்காரனுக்கு வீட்டுமனை சொந்தமாயிற்று. வீட்டுமனையிலிருந்து விரட்டிவிடுவேன் என்று மிரட்ட முடியாத தொழிலாளிதான் கூலி பேச முடியும். 1974-ல் விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்தது. சங்கமும் பள்ளிக்கூடமும் கிராமம் வரைக்கும் போயின.

ஆகவே இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிராந்தியத்தில் ஏன் அதிகம் உற்பத்தியாகிறது என்பது ஒன்று. உற்பத்தியானதில் எவ்வளவு உழைக்கும் வீட்டுக்கு வருகிறது என்பது இரண்டு. இந்த இரண்டையும் குழப்பித்தான் நம்மைக் குழப்புகிறார்கள். இரண்டாவதைப் பார்த்தோம். இனி முதல் கேள்விக்கு வருவோம். பீகார் ஏன் பின்தங்கியது?

1793-ல் போட்ட முடிச்சு

வங்காளம், பீகார், ஒரிஸ்ஸா பகுதிகளில் 1793-ல் காரன்வாலிஸ் பிரபு நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தான். கம்பெனி சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய வரி என்றென்றைக்கும் இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்டது. ஜமீன்தார் விவசாயியிடம் எவ்வளவு பிடுங்கினாலும் மிச்சம் அவனுக்கு. ஜமீன்தாருக்குக் கீழே ஒரு குத்தகைதாரன், அவனுக்குக் கீழே இன்னொருவன் என்று அடுக்கடுக்காக வாரம் வாங்குபவர்கள் முளைத்தார்கள். உழுதவன் கையில் கிணறு வெட்ட, உரம் போட ஒன்றும் மிஞ்சவில்லை. வாங்கித் தின்றவனுக்கோ நிலத்தில் பணம் போட வேண்டிய அவசியமே இல்லை.

சென்னை ராஜதானியின் பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை இருந்தது. அது ஏதோ தர்ம ராஜ்யம் என்று எண்ண வேண்டாம். வரிக் கொடுமை இங்கேயும் இருந்தது. ஆனால் நடுவில் இத்தனை அடுக்கு இல்லை. அபிஜித் பானர்ஜி, லட்சுமி அய்யர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பழைய ஜமீன் ஜில்லாக்களில் சுதந்திரத்துக்குப் பிறகும் விளைச்சலும் விவசாய முதலீடும் மற்ற ஜில்லாக்களைவிடக் குறைவாகவே இருந்து வந்ததைக் காட்டினார்கள். ஜமீன் ஒழிந்த பிறகும் ஜமீனின் நிழல் ஒழியவில்லை.

பீகாரில் 1950-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்தார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்; பாட்னா ஹைகோர்ட் சட்டத்தைச் செல்லாது என்றது; 1951-ல் அரசியல் சட்டத்தையே திருத்தித்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. காகிதத்தில் ஜமீன் போயிற்று. ஆனால் வாரத்துக்கு உழுபவனுக்கு உரிமை வரவில்லை. வங்காளத்தில் 1978 முதல் வாரதாரர்களைப் பதிவு செய்யும் வேலையை முன்னின்று நடத்திய அதிகாரி பந்தோபாத்யாயா. அவர் தலைமையிலேயே பீகார் சர்க்கார் ஒரு நிலச்சீர்திருத்தக் கமிஷனை நியமித்தது. 2008-ல் கமிஷன் அறிக்கை கொடுத்தது. வாரதாரனைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று அது சொன்னது. நிலமுள்ளவர்களின் எதிர்ப்புக்குப் பயந்து சர்க்கார் அதைக் கட்டி வைத்துவிட்டது.

இரும்பு போனது, பணமும் போனது

நிலத்தின் கதை இது. தொழிலின் கதை என்ன? பழைய பீகாரில் இல்லாத தாதுப்பொருள் இல்லை. ஜாரியாவில் நிலக்கரி, சிங்பூமில் இரும்பு. 1907-ல் டாட்டா கம்பெனி தொடங்கியதும் அங்கேதான், ஜாம்ஷெட்பூரில். சிந்திரியில் உரத்தொழிற்சாலை, பொகாரோவில் உருக்காலை. இரும்பும் கரியும் பக்கத்தில் கிடைத்தால் இயந்திரத் தொழிற்சாலையும் பக்கத்தில் வளர வேண்டும் அல்லவா?

வளரவில்லை. 1950-களில் மத்திய சர்க்கார் ரயில் கட்டணச் சமன்முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உருக்காலை வாசலில் வாங்கினாலும் சரி, ஆயிரம் மைலுக்கு அப்பால் பம்பாயிலோ சென்னையிலோ வாங்கினாலும் சரி, உருக்கின் விலை ஒன்றுதான். தூரத்துக்கான கட்டணத்தை எல்லோர் தலையிலும் சமமாகப் போட்டுவிட்டார்கள். 1990-களின் தொடக்கம் வரை இது நீடித்தது. துறைமுகமும் சந்தையும் உள்ள இடத்திலேயே உருக்கும் அதே விலைக்குக் கிடைக்கும்போது எந்த முதலாளி பீகாருக்குப் போய்த் தொழில் தொடங்குவான்? கோவையிலும் சென்னையிலும் வளர்ந்த இயந்திரத் தொழில்களுக்கும் இந்த ஏற்பாட்டால் சகாயம் கிடைத்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. பருத்தியை மேற்கேயிருந்து கிழக்கே கொண்டுபோக இந்தச் சலுகை கிடையாது.

வங்காளத்தின் சரிவுக்கும் இது ஒரு காரணம். ஒரே காரணமல்ல. தேசப் பிரிவினை அதன் சணல் ஆலைகளை இந்தப் பக்கமும் சணல் வயல்களைப் பெரும்பாலும் அந்தப் பக்கமுமாக வெட்டியது. பின்னால் வந்த இடதுசாரி ஆட்சிக் காலத்திலும் அந்தச் சரிவு நிற்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நிலத்தில் செய்த சீர்திருத்தம் ஒன்று, தொழில் வளர்ச்சி வேறொன்று.

2000-ம் வருஷம் நவம்பரில் ஜார்க்கண்ட் தனியாகப் பிரிந்தது. சுரங்கமும் உருக்காலையும் அங்கே போய்விட்டன. பீகாருக்கு வெள்ளமும் வயலும் மிஞ்சின. சுரங்கம் கிடைத்த ஜார்க்கண்டாவது செழித்ததா? அதன் தலா வருமானம் 2023-24-ல்கூடத் தேசச் சராசரியில் 60 சதத்தை எட்டவில்லை. மண்ணுக்குக் கீழே இருக்கும் செல்வம் மண்ணுக்கு மேலே இருப்பவனுக்குத் தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்தது பாங்கிப் பணம். ஏழை ராஜ்யத்திலும் ஜனங்கள் சேமிக்கிறார்கள். அந்தச் சேமிப்பு எங்கே போகிறது? பீகாரில் பாங்கிகளில் 100 ரூபாய் டிபாசிட் ஆனால், அங்கே கடனாகக் கொடுக்கப்படுவது 50 ரூபாயைச் சுற்றியே இருக்கிறது. பல வருஷங்கள் அதற்கும் குறைவாக இருந்தது. தமிழ்நாட்டில் 100 ரூபாய் டிபாசிட்டுக்கு 100 ரூபாய்க்கும் மேல் கடன் கொடுக்கிறார்கள். "பீகார்க்காரன் நம் பணத்தில் சாப்பிடுகிறான்" என்று சொல்லும் தோழர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். அந்த ஊர்ப் பணமும் பாங்கி வழியாக நம் ஊருக்கு வந்து தொழில் நடத்துகிறது.

பணத்துக்குப் பின்னால் ஆள். குழந்தை பிறந்தது முதல் இருபது வயது வரை சோறு போட்டு வளர்த்த செலவு பீகார் கிராமத்துக் குடும்பத்துடையது. உழைக்கும் வயதில் உழைப்பு திருப்பூருக்கோ, சூரத்துக்கோ, லூதியானாவுக்கோ போகிறது. உடம்பு தளர்ந்த பிறகு பராமரிக்கும் செலவு மறுபடியும் கிராமத்துடையது. 2020-ல் கொரோனாவுக்காகத் திடீரென்று நாட்டை அடைத்தபோது இதைக் கண்ணால் கண்டோம். 1 கோடியே 4 லட்சம் தொழிலாளர்கள் சொந்த ராஜ்யங்களுக்குத் திரும்பினார்கள் என்று மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் சொன்னது. வேலை நின்ற மறுநாளே வாடகைக்கும் சோற்றுக்கும் வழியில்லாமல் நடந்தார்கள். வருஷக்கணக்கில் உழைத்த ஊர் அவர்களுக்கு ஒரு மாதச் சோறு போடவில்லை.

அவர்கள் திரும்பிப் போன வீட்டின் நிலை என்ன? 2023-ல் பீகார் சர்க்கார் வெளியிட்ட ஜாதிவாரிக் கணக்கெடுப்பின்படி, அந்த ராஜ்யத்தின் குடும்பங்களில் 34 சதத்துக்கு மாத வருமானம் 6,000 ரூபாய் அல்லது அதற்கும் கீழே. மூன்றில் ஒரு குடும்பம்! இந்தக் குடும்பத்திலிருந்துதான் அந்தப் பையன் ரயிலேறுகிறான்.

நம் ராஜ்யத்துக்கு வந்தது எப்படி?

தமிழ்நாடு முன்னேறியது வானத்திலிருந்து விழுந்த வரமல்ல. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது, கோவை ஆலைகளும் பம்புசெட்டுகளும் ஓடின. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. 1950-களிலும் 60-களிலும் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, நெய்வேலி, திருச்சி கொதிகலன் தொழிற்சாலை எல்லாம் பொதுப் பணத்தில் எழுந்தன. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு வந்தது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 80 சதம். பீகாரில் 62 சதம். 2019-20 கணக்குப்படி இந்தியாவில் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 சதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பஸ்ஸும் பள்ளியும் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா?

இந்த முன்னேற்றமும் ராஜ்யம் முழுவதும் ஒரே சீராக இல்லை. சென்னையைச் சுற்றிய ஜில்லாக்களும் கோவை, திருப்பூர்ப் பகுதியும் மேலே நிற்கின்றன. பெரம்பலூர், அரியலூர், விழுப்புரம் கீழே நிற்கின்றன. பழைய ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் சீமை இன்றும் வெளியூர் போய்ப் பிழைக்கும் சீமையாகவே இருக்கிறது. இந்த வகுப்பிலேயே தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தோழர்கள் எத்தனை பேர்! அவர்கள் வந்த புதிதில் என்ன பேச்சுக் கேட்டார்கள் என்று அவர்களையே கேளுங்கள்.

இன்னும் பின்னால் போனால், கண்டிச் சீமைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கங்காணி பின்னால் போனது யார்? நம் பாட்டன் பூட்டன். குறைந்த கூலிக்குக் கூட்டிப் போனார்கள், கூலியைக் கெடுத்தான் என்ற பழியையும் அவன் தலையில் போட்டார்கள். 1960-களில் பம்பாயில் தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று கிளப்பிவிடப்பட்ட இயக்கமும் நமக்குத் தெரியும். 2023 மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரைக் கொல்லுகிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். திருப்பூரிலேயே ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு நின்றவர்களைப் பார்த்தோம். அந்தப் பொய்யை அடக்க இரண்டு சர்க்கார்களும் அதிகாரிகளை அனுப்ப வேண்டியிருந்தது. மனசுக்குள் ஏற்கனவே சந்தேகம் இருக்கும் இடத்தில்தான் பொய் பற்றிக்கொள்ளும்.

வரிப்பங்கும் கூலியும்

"அப்படியானால் தமிழ்நாட்டுக்கு வரிப்பங்கு குறைவதைப் பற்றிப் பேசவே கூடாதா?" என்று ஒரு தோழர் எழுதிக் கேட்டிருக்கிறார். தாராளமாகப் பேச வேண்டும். 15-வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரைக்கும், மத்திய வரிகளில் ராஜ்யங்களுக்குப் பகிரும் 41 சதத்தில் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 4 சதமும் பீகாருக்கு ஏறத்தாழ 10 சதமும் ஒதுக்கியது. வருமானம் குறைந்த ராஜ்யத்துக்கு அதிகம் என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் 45 சத எடை. ஏழை ராஜ்யத்துக்குக் கூடுதல் கொடுப்பது நியாயம். எவ்வளவு, எந்த அளவுகோலில் என்பது விவாதிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் அந்த விவாதத்தில் மறைந்து போகும் விஷயம் ஒன்று உண்டு. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் மத்திய சர்க்கார் வசூலிப்பதில் எந்த ராஜ்யத்துக்கும் பங்கு கிடையாது. 2011-12-ல் மொத்த மத்திய வரியில் இது ஏறத்தாழ 10 சதம். 2020-21-ல் ஏறத்தாழ 20 சதம். பாட்னாவும் சென்னையும் சிறிய துண்டுக்குச் சண்டை போடுகின்றன. பெரிய துண்டு டில்லியில் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சண்டையில் பேக்கிங் டேபிளில் நிற்கும் பீகார்ப் பையனுக்குச் சம்பந்தமே இல்லை.

இப்போது முதலில் சொன்ன பேச்சுக்கு வருவோம். "வடக்கத்தியான் வந்தான், கூலி போச்சு." இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுத்தால் தோழர்கள் நம்மை நம்பமாட்டார்கள். பீஸ் ரேட்டைக் குறைக்க, சங்கம் இல்லாமல் வேலை வாங்க, ஓவர்டைமுக்கு ஒற்றைக் கூலி கொடுக்க வெளி ராஜ்ய ஆட்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கூலியைக் குறைத்தது யார்? கையெழுத்தான கூலி ஒப்பந்தத்தை ஒருவனுக்குக் கொடுத்து ஒருவனுக்கு மறுத்தவன் முதலாளி. நடுவில் நின்று கமிஷன் அடித்தவன் கான்டிராக்டர். வீட்டில் 6,000 ரூபாய் வருமானத்தை விட்டு வந்தவன் 400 ரூபாய் தினக்கூலிக்குச் சம்மதித்தால், அவனுக்கு வேறு வழி இல்லை என்று அர்த்தம். நம் மேல் பகை என்று அர்த்தமில்லை.

வெளி ராஜ்யத் தொழிலாளர் பற்றி 1979-லேயே ஒரு சட்டம் வந்தது. உள்ளூர்த் தொழிலாளி செய்யும் அதே வேலைக்கு அதே கூலி, இடம்பெயர்வுப் படி, ஊர் போகப் பயணப்படி, கான்டிராக்டருக்கு லைசென்சு என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. எத்தனை கம்பெனியில் அது அமலாயிற்று? 2020-ல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. சட்டத்தின் பெயர் எதுவானாலும், கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் அது காகிதம்தான்.

ஆகவே நம் முன்னால் உள்ள வேலைகள் இவை.

ஒன்று: கூலி ஒப்பந்தம் பேசும்போது, எந்த ராஜ்யத்துக்காரனானாலும் ஒரே வேலைக்கு ஒரே பீஸ் ரேட் என்ற ஷரத்தை முதல் ஷரத்தாக வைக்க வேண்டும். அவன் கூலி ஏறினால்தான் நம் கூலி நிற்கும்.

இரண்டு: சங்கத்தின் நோட்டீஸ் ஹிந்தியிலும் ஒரியாவிலும் வர வேண்டும். ஹிந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு. நம்மோடு வேலை செய்யும் மனிதனிடம் அவனுக்குப் புரியும் பாஷையில் பேசுவது வேறு.

மூன்று: கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் வெளி ராஜ்யத் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலை வார்டுவாரியாக எடுக்க வேண்டும். ரேஷன், வைத்தியம், விபத்து நஷ்ட ஈடு இவற்றில் அவர்களுக்குள்ள உரிமையைச் சங்கம் எழுதிக் கேட்க வேண்டும்.

நான்கு: தலா வருமானம் உயர்ந்தது என்று மேடையில் யாராவது சொன்னால், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். அதில் கூலியின் பங்கு எவ்வளவு? பெரம்பலூருக்கு எவ்வளவு? வீட்டுக்கு எவ்வளவு?

பீகார்த் தொழிலாளி தன் ஊரிலேயே வேலையும் நிலமும் பெற்று வாழும் நாள் வந்தால், குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்க முதலாளிக்கு இடமிருக்காது. அந்த நாளுக்காக அங்கே போராடுகிறவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்ல. அவர்கள் வெல்வதில் நம் அடுப்பங்கரைக்கும் ஆதாயம் இருக்கிறது. இதை டீக்கடையில், கம்பெனி வாசலில், அடுத்த டேபிளில் நிற்பவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். இந்த வாரக் கிளைக் கூட்டத்தில் முதல் இரண்டு வேலைகளை யார் யார் பொறுப்பெடுத்துச் செய்வது என்று பெயர் குறித்து முடிவு செய்வோம்.